பேராசையைக் கூண்டில் ஏற்றியது போதும்

லாட்டரி மோசடியில் ஒருவர் பணத்தைப் பறிகொடுத்தார் என்று செய்தி வந்தால், தீர்ப்பும் அதன் கூடவே வந்துவிடுகிறது: பேராசை பெருநஷ்டம். டீக்கடை பெஞ்சிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இதைத்தான் சொல்கிறார்கள். வங்கி ஒட்டும் எச்சரிக்கைச் சுவரொட்டியில் இதையே கொஞ்சம் மரியாதையாக எழுதியிருப்பார்கள். அவ்வளவோடு வழக்கு முடிந்துவிடும். பணம் போனவர் வாயை மூடிக்கொள்வார், கேட்டவர்கள் தங்கள் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டு கலைவார்கள்.

இந்தக் கட்சியின் வாதத்தை முழு பலத்தோடு சொல்லிவிடுவதே நியாயம். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. பரிசு கொடுப்பவன் வாங்குபவனிடம் பணம் கேட்கமாட்டான். இவை இரண்டும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவர் மாட்டுகிறார் என்றால் கண்ணை மறைத்தது ஆசைதான். ஆகவே ஆசையை அடக்கிக்கொண்டால் மோசடி தானே ஒழியும், வங்கியையும் சட்டத்தையும் இழுக்க வேண்டியதில்லை. கேட்கப் பொருத்தமாகவே இருக்கிறது. இதில் ஓரளவு உண்மையும் உண்டு. பணம் வரும் என்ற எதிர்பார்ப்பே இல்லாத மனிதரிடம் இந்த வித்தை செல்லாது.

ஆனால் மோசடி நடக்கும் விதத்தை ஒருமுறை கிட்டப்போய்ப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் போலி லாட்டரி காசோலையை எடுத்துக்கொள்வோம். தபாலில் ஓர் உறை வருகிறது. உள்ளே கனமான தாளில் கடிதம், தலைப்பில் கேட்டுப் பழகிய ஒரு பரிசு நிறுவனத்தின் பெயர், கீழே கையொப்பம், ஒரு குறிப்பு எண், பேச வேண்டிய அதிகாரியின் தொலைபேசி எண். கூடவே ஒரு காசோலை, 3,800 டாலருக்கு என்று வைத்துக்கொள்வோம். இது பரிசு அல்ல என்கிறது கடிதம். பரிசுக்கான வரியையும் கட்டணத்தையும் நீங்கள் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டாம் என்று நாங்களே அனுப்பும் முன்பணம் இது, கணக்கில் போட்டுவிட்டு, அதிலிருந்து 2,900 டாலரை இன்ன பெயருக்கு அனுப்பிவிடுங்கள், மீதியை வைத்துக்கொள்ளுங்கள், பரிசு பின்னால் வரும்.

சூட்சுமம் அந்த முன்பணத்தில் இருக்கிறது. பரிசு கொடுப்பவன் பணம் கேட்கமாட்டான் என்ற ஊரறிந்த எச்சரிக்கைக்கு மோசடிக்காரன் முன்கூட்டியே பதில் தயார் செய்துவிட்டான். அவன் எங்கே கேட்டான், கொடுத்தல்லவா அனுப்பியிருக்கிறான்!

கடிதம் கிடைத்தவர் காசோலையைக் கணக்கில் போடுகிறார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பணம் கணக்கில் ஏறிவிடுகிறது. நம்பிக்கை வந்து 2,900 டாலரை அனுப்புகிறார். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காசோலை போலி என்று திரும்புகிறது. வங்கி 3,800 டாலரையும் அவர் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அனுப்பிய 2,900 போனது போனதுதான்.

1. மறுநாளே பணம் ஏறியது எப்படி?

பேராசைக் கட்சி இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கணக்கில் பணத்தைக் காட்டியது ஆசை அல்ல, வங்கி. அதுவும் சட்டப்படிதான் காட்டியது. ஒரு காலத்தில் அமெரிக்க வங்கிகள் வாடிக்கையாளர் போட்ட காசோலையை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், கிடப்பில் வைத்திருந்தன. அதைத் தடுக்க 1987-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. இன்ன வகைக் காசோலைக்கு இத்தனை நாளுக்குள் பணத்தை எடுக்க விட வேண்டும் என்று கெடு வைத்தது. வங்கியே தன் பேரில் எழுதித்தரும் கேஷியர்ஸ் செக், நம்மூர் டி.டி. மாதிரி, அதை நேரில் கொண்டுபோய்ப் போட்டால் பொதுவாக மறு வேலைநாளே பணம் கிடைக்க வேண்டும். வாடிக்கையாளரின் நலனுக்காக வந்த நல்ல சட்டம் அது.

காசோலை அசலா போலியா என்று தெரிய ஆகும் நேரத்துக்கு அந்தச் சட்டம் கெடு வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. போலி என்று தெரிந்த பிறகு, எத்தனை வாரம் கழித்தானாலும், போட்டவர் கணக்கிலிருந்து பணத்தைத் திரும்ப எடுக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் நாள்கள்தான் மோசடிக்காரனின் வயல். அதை எப்படி நீட்டுவது என்பதும் அவனுக்குத் தெரியும். அமெரிக்கக் காசோலையின் அடியில் வங்கியைக் குறிக்கும் ஒன்பது இலக்க எண் இருக்கும். முகப்பில் ஒரு வங்கியின் பெயரை அச்சடித்துவிட்டு அடியில் வேறொரு வங்கியின் எண்ணைப் போட்டால், காசோலை தப்பான வாசலில் போய் நின்று, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, நாள்கள் கரையும். தொகையும் பார்த்துப் போடப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட வரம்புக்கு மேலே போனால் வங்கி கூடுதல் நாள் நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தக் காசோலைகள் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடுவதைத் தற்செயல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதைச் சரிசெய்ய முடியாதா? பிரிட்டன் சரிசெய்தது. 2007 நவம்பரில் அங்கே ஒரு விதி வந்தது. காசோலையைப் போட்ட ஆறாவது வேலைநாள் முடிந்தால் அந்தப் பணம் போட்டவருடையது. அவரே மோசடிக்கு உடந்தையாக இருந்தாலொழிய வங்கி திரும்பக் கேட்க முடியாது. பின்னால் காசோலையின் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறை வந்ததும் அந்தக் கெடு இன்னும் சுருங்கி, அடுத்த வேலைநாள் இரவுக்குள் முடிவு தெரிந்துவிடுகிறது. லண்டன்காரருக்குச் சிகாகோக்காரரைவிட ஆசை குறைவு என்று யாரும் வாதாடமாட்டார்கள். மாறியது விதி.

இந்தியாவில் செக் போட்டால் பாஸாகும் வரை பொதுவாகப் பணத்தைத் தொட முடியாது. அந்த எரிச்சலூட்டும் தாமதமே இங்கே ஒரு வேலியாக நிற்கிறது. தபாலில் காசோலை அனுப்பும் வித்தை இங்கே அமெரிக்காவில் போல வேர்பிடிக்காமல், மோசடி வேறு வேஷம் கட்டிக்கொண்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த வேஷத்தைப் பிறகு பார்க்கலாம்.

2. “வங்கியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

கேட்கிறார்கள், ஐயா! வந்த காசோலையை எரிக்காமல் வங்கிக்கு எடுத்துப் போவதே ஒரு விதத்தில் விசாரிப்புதான். கவுண்டரில் இருப்பவரிடம் “பணம் வந்துவிட்டதா, எடுக்கலாமா?” என்று கேட்டால், கணினித் திரையைப் பார்த்து “எடுக்கலாம்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்டவரும் பேராசையில் குதிக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆகப் பெரிய அதிகாரத்திடம் கேட்டுவிட்டே அடியெடுத்து வைத்தார். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இதை எழுதிய வங்கி பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டதா, இனி இது திரும்ப வாய்ப்பே இல்லையா? அந்தக் கேள்வியை வாடிக்கையாளருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தர வேண்டிய இடத்தில் ஆசையைப் பற்றிய உபதேசம் உட்கார்ந்திருக்கிறது.

3. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது

அமெரிக்காவில் எதையும் வாங்காமலே பரிசு வெல்ல முடியும். வணிக நிறுவனங்கள் நடத்தும் பரிசுக் குலுக்கலில் கலந்துகொள்ளப் பொருள் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அங்கே சட்டவிரோதம். பப்ளிஷர்ஸ் கிளியரிங் ஹவுஸ் என்ற நிறுவனம் 1967 முதல் இப்படிக் குலுக்கல் நடத்தி, வென்றவர் வீட்டுக் கதவைத் தட்டி, ஆள் உயரத்துக்கு அட்டைக் காசோலை கொடுத்து அதைத் தொலைக்காட்சியில் விளம்பரமாகக் காட்டியது. இதைப் பார்த்தே வளர்ந்த ஒரு பாட்டிக்கு, எப்போதோ தபாலில் போட்ட ஒரு விண்ணப்பத்துக்குப் பரிசு வந்திருக்கிறது என்று தோன்றினால் அதில் பைத்தியக்காரத்தனம் எங்கே இருக்கிறது? மோசடிக்காரர்கள் அந்த நிறுவனத்தின் பெயரையே திரும்பத் திரும்பத் திருடுவது இதனால்தான். அசல் நிறுவனம் பரிசைக் கொடுக்க ஒரு காசுகூடக் கேட்பதில்லை என்பதுதான் அங்கே பயன்படும் எச்சரிக்கை.

4. லாட்டரியே இல்லாமலும் இதே காசோலை வருகிறது

உறையிலிருந்து லாட்டரிக் கடிதத்தை எடுத்துவிட்டு வேலை நியமனக் கடிதத்தை வையுங்கள். காசோலை அதே காசோலைதான். வீட்டிலிருந்து பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது, அலுவலகச் சாமான் வாங்க முன்பணம் இதோ. உங்கள் காரில் எங்கள் விளம்பரத்தை ஒட்டிக்கொண்டு ஓட்டுங்கள், ஒட்டுபவருக்கான கூலியை மட்டும் இதிலிருந்து அனுப்பிவிடுங்கள். கடைக்கு வாடிக்கையாளர் போலப் போய்ச் சேவையைச் சோதியுங்கள். இந்தக் கடைசி வேலையில் சோதிக்கச் சொல்லும் சேவை பல நேரங்களில் பணம் அனுப்பும் சேவையாகவே இருக்கும் என்பது அவர்களுடைய நகைச்சுவை. பழைய சோபாவை இணையத்தில் விற்பவரையும் விட்டுவைப்பதில்லை. வாங்குபவர் விலையைவிடக் கூடுதலாகக் காசோலை அனுப்பி, மீதியைத் திருப்பிக் கேட்பார்.

வேலை தேடுவதும் சோபா விற்பதும் எந்த அகராதியில் பேராசை? அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கு 2019-இல் போலிக் காசோலை பற்றி 27,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. புகாரில் சொன்ன இழப்பு மட்டும் 2.8 கோடி டாலருக்கு மேல். ஒருவர் இழந்த தொகையின் நடுமதிப்பு 1,988 டாலர். முப்பதைத் தாண்டியவர்களைவிட இருபதுகளில் இருப்பவர்கள் இதில் பணம் இழந்ததாகச் சொல்லும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம் என்றும் ஆணையம் கண்டது. தள்ளாத வயதில் கோடிக்கு ஆசைப்பட்ட கிழவர் என்ற சித்திரம் இங்கேயே கிழிகிறது. செல்போனிலேயே எல்லாப் பணத்தையும் அனுப்பிப் பழகிய இளைஞருக்குக் காசோலை எப்படித் தீர்கிறது என்பது தெரியாது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ மேற்படிப்புக்குப் போய், பகுதிநேர வேலை தேடும் மாணவருக்கு அது இன்னும் புதிது. மகனையோ மகளையோ அங்கே அனுப்பிய பெற்றோர் லாட்டரி ஆசையைப் பற்றி எச்சரிப்பதைவிட இதை ஒருமுறை சொல்லிவைப்பது உருப்படியான காரியம்.

5. “இவ்வளவு அபத்தமாக எழுதியிருக்கிறதே, இதையுமா நம்புவார்கள்?”

அபத்தம் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012-இல் ஒரு கட்டுரையில் இந்தப் புதிரை எடுத்துக்கொண்டார். மோசடிக் கடிதக்காரர்கள் தாங்கள் நைஜீரியாவில் இருப்பதாக ஏன் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள்? அவருடைய பதில்: கடிதம் அனுப்பச் செலவில்லை, பதில் போட்டவரோடு நாள்கணக்கில் பேசத்தான் செலவு. பாதி வழியில் விழித்துக்கொள்ளக்கூடியவர்களை முதல் வரியிலேயே விரட்டிவிட்டால் நேரம் மிச்சம். ஆக, அந்தக் கடிதத்தைப் பார்த்துச் சிரித்துக் கிழித்துப் போட்டவர் ஜெயித்துவிடவில்லை. அவருக்காக எழுதப்பட்ட கடிதம் அல்ல அது. அவருக்கு ஏற்ற கடிதம் வேறொரு நாள், வேறொரு பெயரில், நல்ல நடையில் வரும்.

வந்த பிறகும் மோசடிக்காரன் ஆசை ஒன்றையே பிடித்துத் தொங்குவதில்லை. வில்லியம் வெப்ஸ்டர் கதை இதற்குச் சாட்சி. எஃப்.பி.ஐ., சி.ஐ.ஏ. இரண்டுக்கும் தலைவராக இருந்த ஒரே மனிதர், அதற்கு முன் நீதிபதி. 2014-இல், அவருக்குத் தொண்ணூறு வயதானபோது, பல கோடி டாலரும் ஒரு மெர்சிடிஸ் காரும் லாட்டரியில் விழுந்திருப்பதாக ஜமைக்காவிலிருந்து அழைப்பு வந்தது. வரியாக 50,000 டாலர் முன்னால் கட்ட வேண்டுமாம். அழைத்தவன் அவரைப் பற்றி விசாரித்து வைத்திருந்தான். நீதிபதியாக இருந்ததும் கடற்படையில் பணியாற்றியதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பணம் வராது என்றானதும் மிரட்டல் தொடங்கியது. வீட்டுக்குத் தீ வைப்பேன் என்று அவருடைய மனைவியிடம் சொன்னான். வெப்ஸ்டருக்குத் தன் பழைய அலுவலகத்தை அழைக்க முடிந்தது. ஆள் பிடிபட்டு, 2019 பிப்ரவரியில் ஏறக்குறைய ஆறு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றான். தனியே வாழும் ஒரு மூதாட்டிக்கு அப்படி அழைக்க எஃப்.பி.ஐ. நண்பர்கள் கிடையாது. பயந்து பணம் அனுப்பும் அவரையும் நாம் பேராசைக்காரி என்றே எழுதிக்கொள்கிறோம்.

6. இந்தத் தீர்ப்பால் லாபம் யாருக்கு?

பணம் போன பாதையைப் பாருங்கள். 2017 ஜனவரியில் பணம் அனுப்பும் சேவை நிறுவனமான வெஸ்டர்ன் யூனியன் 58.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மோசடிக்கு உடந்தையாக இருந்த சொந்த முகவர்களைத் தெரிந்தும் விட்டுவைத்தது என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு. மோசடிக்குத் துணைபோனதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே தொழிலில் உள்ள மணிகிராம் 2009-இல் 1.8 கோடி டாலர் கட்டியது. அப்போது போட்ட உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றவில்லை என்று 2018-இல் இன்னும் 12.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. வெஸ்டர்ன் யூனியன் கட்டிய தொகையிலிருந்து, 2004-க்கும் 2017-க்கும் இடையில் அதன் வழியாக ஏமாந்தவர்களுக்கு இழப்பைத் திருப்பித்தர ஏற்பாடு நடந்தது. பேராசை மட்டும்தான் குற்றவாளி என்று அரசு வழக்கறிஞர்களும் நினைத்திருந்தால் அதில் ஒரு டாலர்கூடத் திரும்பியிருக்காது.

இன்னொரு லாபம் மோசடிக்காரனுக்கு. பேராசைக்காரன் என்ற பட்டத்துக்குப் பயந்து ஏமாந்தவர் புகார் கொடுப்பதில்லை. புகார் இல்லாத இடத்தில் கணக்கு முடங்குவதில்லை. ஒருமுறை பணம் அனுப்பியவரின் பெயர் ஒரு பட்டியலில் ஏறி அடுத்த கும்பலுக்கு விலைபோகிறது. யாரிடமும் சொல்லாதீர்கள், பரிசு ரகசியம் என்று கடிதத்திலேயே ஒரு நிபந்தனை போடுவார்கள். நாம் கொடுக்கும் பட்டம் அந்த நிபந்தனையை அவர்களுக்காக இலவசமாகக் காவல் காக்கிறது.

7. தமிழ்நாட்டில் லாட்டரி ஒழிந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது

2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரிச் சீட்டுகளைத் தடை செய்தது. ஆசை கடையோடு போயிருந்தால் பரிசு மோசடியும் போயிருக்க வேண்டும். போகவில்லை. கோன் பனேகா குரோர்பதியில் 25 லட்சம் விழுந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல்செய்தி வருகிறது. அமிதாப் பச்சன் படமும் பிரதமர் படமும் போட்ட சான்றிதழ் வருகிறது. சிலருக்கு அவர்கள் பெயரெழுதிய காசோலையின் புகைப்படமும் வருகிறது. அமெரிக்காவில் தாளில் வருவது இங்கே வெறும் படமாக வருகிறது, ஏனென்றால் தாளை இங்கே வங்கியில் போட்டால் வித்தை அம்பலமாகிவிடும். அதற்குப் பதில் ஜி.எஸ்.டி., கோப்புக் கட்டணம், வங்கி மாற்றுக் கட்டணம் என்று தவணை தவணையாகக் கறக்கிறார்கள். கேரள லாட்டரியின் பெயரில் ஆன்லைன் டிக்கெட் விற்பவர்களும் இருக்கிறார்கள். கேரள அரசோ காகிதச் சீட்டு மட்டும்தான் விற்கிறது. வெளிநாட்டு லாட்டரி என்று வந்தாலோ பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ரிசர்வ் வங்கி 2010-இலேயே இதை வங்கிகளுக்கு நினைவூட்டிச் சுற்றறிக்கை விட்டது.

அப்படியானால் எதைச் சொல்லி எச்சரிப்பது? மோசடி எந்த வேஷத்தில் வந்தாலும் மாறாத ஒன்று உண்டு: நமக்கு வரும் பணத்துக்காக நாம் முதலில் பணம் அனுப்ப வேண்டியிருக்கும். காசோலை அனுப்பிவிட்டு அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பவோ, இன்னொருவருக்கு அனுப்பவோ, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லவோ கேட்டால் அந்தக் காசோலை போலி. இதற்கு விதிவிலக்குத் தேட வேண்டாம். வரி என்ற சாக்கும் செல்லாது. இந்தியாவில் பரிசுத்தொகை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவரே 30 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். அமெரிக்காவிலும் பெரிய லாட்டரிப் பரிசில் வரியைப் பிடித்துக்கொண்டே தருகிறார்கள். ரொக்கப் பரிசின் வரியை முன்கூட்டி ஏதோ ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் அரசு எங்கேயும் கிடையாது. காசோலை மேல் சந்தேகம் வந்தால் அதில் அச்சடித்த எண்ணை அழைக்காமல், அந்த வங்கியின் எண்ணைத் தனியாகத் தேடி அழைத்து, இப்படி ஒரு காசோலை கொடுத்தீர்களா என்று கேட்க வேண்டும். ஏற்கெனவே கணக்கில் போட்டாயிற்று என்றால் அந்தத் தொகையைத் தொடாமல் வங்கியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

பணம் போய்விட்டது என்று நாளை யாராவது உங்களிடம் சொன்னால், “புத்தி எங்கே போச்சு?” என்று ஆரம்பிக்காதீர்கள். எப்போது அனுப்பினார், எந்தக் கணக்குக்கு, எந்த வழியில் என்று கேளுங்கள். அமெரிக்காவில் இருப்பவராக இருந்தால் தன் வங்கியையும், பணம் அனுப்பிய நிறுவனத்தையும் அல்லது கிஃப்ட் கார்டு நிறுவனத்தையும் அப்போதே அழைக்கட்டும். கார்டையும் ரசீதையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கட்டும். வர்த்தக ஆணையத்தில் புகார் பதியட்டும். இந்தியாவில் என்றால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் பதிவானால் அதை முடக்க வழி இருக்கிறது.